முதல் மாடியில் நிற்காத லிஃப்ட்

என் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் லிஃப்டம்மா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளம் போடுகிறவர்கூட மறந்துவிட்டார். நாலு மாடிப் பிரசவ ஆஸ்பத்திரி அது. ஸ்ட்ரெச்சர் நுழைகிற லிஃப்ட் ஒன்றே ஒன்று. கம்பிக் கதவு போட்ட அரதப்பழசு. அதற்குள் ஒரு ஸ்டூல், ஸ்டூலில் அம்மா. அப்பா போனபிறகு சேர்ந்த வேலை. என்னை ஆளாக்கியதும் அந்த வேலைதான்.

அம்மாவின் வாய்க்குப் பூட்டே கிடையாது. பழக்கூடையும் கையுமாக ஏற வருகிற சொந்தக்காரர்களிடம், "கால் நல்லாத்தானே இருக்கு? படியில ஏறுங்க, தொப்பை குறையும்" என்பாள். முறைத்த பெரிய மனிதர்கள் உண்டு, புகார் கொடுத்தவர்களும் உண்டு. அசைந்துகொடுக்க மாட்டாள். பிள்ளைத்தாய்ச்சி வந்தால் மட்டும் குரல் குழைந்துவிடும். "வாடி மகாராணி, மெதுவா" என்று தன் ஸ்டூலைக் கொடுத்துவிட்டு நிற்பாள்.

லிஃப்டுக்குள் ஒரு மணி உண்டு. அது விடாமல் அடித்தால் ஏதோ ஒரு மாடியில் ஒரு தாயின் உயிர் ஊசலாடுகிறது என்று அர்த்தம். அப்போது உள்ளே எந்தக் கொம்பன் இருந்தாலும் இறங்கித்தான் ஆகவேண்டும். நானும் இறங்கினேன்.

எனக்குத் தலைப்பிரசவம். பார்வையாளர் நேரத்து நெரிசலில் வலியோடு போய்ச் சேர்ந்தேன். என் வீட்டுக்காரர் சீட்டு வாங்க வரிசையில் நின்றார். அம்மா என்னைச் சக்கர நாற்காலியோடு லிஃப்டில் ஏற்றி, கூட்டத்தை விரட்டிக் கதவைச் சாத்தினாள். பிரசவ அறை மூன்றாம் மாடியில். கிளம்பியதுமே மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

முதல் மாடியில் கதவைத் திறந்தால் எதிரே ஸ்ட்ரெச்சர். அன்று காலையில் பிள்ளை பெற்ற பெண், ரத்தப்போக்கு நிற்கவில்லை. விரிப்பெல்லாம் சிவப்பு, முகம் வெளுத்துக் கிடந்தது. உடனே நாலாம் மாடி ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோக வேண்டும்.

"ரெண்டு பேருக்கும் இடம் இருக்காதேம்மா," என்றார் நர்ஸ், என்னைப் பார்த்துத் தயங்கி.

"தெரியும்." அம்மா என் நாற்காலியைத் தானே வெளியே தள்ளினாள். "சிஸ்டர், என் பொண்ணைப் பார்த்துக்குங்க."

"அம்மா, வலி தாங்கலம்மா!"

கம்பிக் கதவு சாத்திக்கொண்டது. அடிப்பாவி என்று வாய்விட்டே திட்டினேன். யாரோ பெற்ற பெண்ணுக்காகத் தான் பெற்றவளை வராந்தாவில் விட்டுவிட்டுப் போகிறவளை வேறென்ன சொல்ல?

சரி, அவளைச் சேர்த்துவிட்டு வந்துவிடுவாள் என்று காத்திருந்தேன். வந்தாள். கம்பி வழியே முகம் தெரிந்தது. லிஃப்ட் நிற்காமல் கீழே போனது. ரத்த வங்கி இருப்பது தரைத்தளத்தில். திரும்ப மேலே வந்தபோது காலடியில் ரத்தப் பெட்டி. அப்போதும் நிற்கவில்லை. மறுபடி கீழே, மறுபடி மேலே. ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்தாள். கை மட்டும் விசையை விட்டு நகரவில்லை. "நீ நல்லா இருப்பியா!" என்று கத்தினேன்.

அதற்குமேல் முடியவில்லை. நர்ஸ் என்னைப் பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார். மூன்றாம் மாடிவரை போக என் மகளுக்குப் பொறுமை இல்லை. யார் பேத்தி! அங்கேயே பிறந்து, கட்டடமே அதிர அழுதாள். மூன்றாம் மாடியில் என்னைத் தேடி அலைந்த அவள் அப்பா, மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அம்மா வெகுநேரம் கழித்து வந்தாள். "அவ பொழைச்சுட்டா," என்றாள். "ரத்தம் நின்னுடுச்சு. கர்ப்பப்பையைக்கூட எடுக்கலையாம்."

உலகத்தில் இப்படி ஒருத்தி உண்டா என்று இன்றைக்கு ஊரெல்லாம் பெருமை பேசுகிறேன். அன்றைக்கு ஆத்திரம்தான் வந்தது.

"எத்தனை தடவை இந்த மாடியைத் தாண்டிப் போனே! ஒரே ஒரு தடவை நிறுத்தி, எப்படிடி இருக்கேன்னு கேட்டா என்ன? கல்நெஞ்சுக்காரி!"

அம்மா என் காலருகே உட்கார்ந்தாள். குழந்தையைக்கூடத் தொடவில்லை.

"நிறுத்தியிருந்தா கதவைத் திறந்திருப்பேன்டி," என்றாள். "திறந்திருந்தா, உன்னை விட்டுட்டு மறுபடி ஏறியிருக்க மாட்டேன். அவ செத்திருப்பா."

சொல்லிவிட்டு என் காலைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.