தண்ணீருக்குப் பயந்த சுந்தரி

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தரை காய்வதே இல்லை. அங்கே சவாரி விடுவதற்கென்று என் சித்தப்பா வாங்கி வந்த குதிரைக்குத் தண்ணீர் என்றால் பயம். சங்கரன்கோவில் பக்கத்துப் பொட்டல் காட்டில் வளர்ந்தவள். பெயர் சுந்தரி. சாலையில் ஒரு தட்டு அகலத்துக்கு மழைநீர் தேங்கியிருந்தாலும் நான்கு கால்களையும் ஊன்றி நின்றுவிடுவாள்.

சித்தப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். உத்தரவு போட்டால் நடக்கும் என்று நம்பினார். முதலில் அதட்டினார், பிறகு சாட்டையை எடுத்தார். அடி விழ விழச் சுந்தரி பின்னால்தான் போனாள். ஐந்தருவிச் சாலையில் அப்படிப் பின்வாங்கி, ஒரு கடையின் ரம்புட்டான் பழக்கூடைகளை மிதித்துக் கவிழ்த்தாள். சாலையெல்லாம் பழங்கள் சிவப்புச் சிவப்பாக உருண்டன.

"ஞாயித்துக்கெழம சிவகிரில இருந்து ஆள் வருது. வித்துருவேன்" என்றார் சித்தப்பா. அன்று நான் சோறு தின்னவில்லை. எனக்கு ஒன்பது வயது.

சித்தி அங்கன்வாடி டீச்சர். "அழுவுத பிள்ளைய அடிச்சா உள்ள வருமா? ஞாயித்துக்கெழம வரைக்கும் இவள என் கையில விடுங்க" என்று சொல்லிச் சாட்டையைப் பரணில் தூக்கிப் போட்டாள்.

முற்றத்தில் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றினாள். சுந்தரி அதைக் குனிந்து பார்த்ததற்கே "சபாஷ்!" என்று சொல்லி ஒரு துண்டு கேரட் கொடுத்தாள். ஓர் அடி முன்னே வந்தால் இன்னொரு துண்டு. குளம்பு நனைந்த அன்று வெல்லமே கிடைத்தது. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் அதே சபாஷ்தான்.

நான்காம் நாள் எல்லாம் தலைகீழானது. சுந்தரி தண்ணீருக்கு முன்னால் வந்து நின்றாள். நகரவில்லை. தலையை மட்டும் திருப்பி என்னையே பார்த்தாள்.

"பாத்தியா? அது திருந்தாது" என்றார் சித்தப்பா.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சித்தி வேலைக்குப் போயிருந்தபோது, தண்ணீரருகே மிரண்டு நின்ற சுந்தரியைப் பார்க்கப் பாவமாக இருக்க, என் டிபன் டப்பாவில் ஒளித்து வைத்த கேரட்டையெல்லாம் அவளுக்கு ஊட்டியிருந்தேன். விக்கி விக்கி ஒப்புக்கொண்டேன்.

சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். "பயந்து நின்னா கேரட் கெடைக்கும்னு படிச்சுக் குடுத்திருக்கியேட்டி! நீ என்னையவிடப் பெரிய டீச்சர்லா!" பிறகு என் கண்ணைத் துடைத்துவிட்டு, "இனிமே தண்ணிக்கு அந்தப் பக்கம் நின்னுக்க. அவ தாண்டி வந்த பொறவு குடு" என்றாள்.

சனிக்கிழமை விடாத சாரல். எங்கள் தெருவில் தண்ணீர் குறுக்கே ஓடியது. அக்கரையில் டிபன் டப்பாவோடு நான். சுந்தரி குனிந்து தண்ணீரை முகர்ந்தாள். ஒரு காலை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அடுத்த கணம் சளசளவென்று நடந்து என்னிடம் வந்து சேர்ந்தாள்.

"சபாஷ்!" என்று கத்தியது சித்தியல்ல, சித்தப்பா.

சுந்தரி தானாகவே திரும்பிப் போய் இன்னொரு முறை தாண்டினாள். பிறகு நடுத்தண்ணீரில் நின்று திம் திம்மென்று குதித்தாள். சித்தியின் சேலை முழுக்கச் சேறு. நாங்கள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

சித்தப்பா போனை எடுத்தார். "அண்ணாச்சி, நாளைக்கு வர வேண்டாம். குதிரைய விக்கல" என்றார். அப்புறம் என்னிடமிருந்து கடைசித் துண்டு கேரட்டை வாங்கி உள்ளங்கையில் வைத்து நீட்டினார். அந்தக் கை உயர்ந்தாலே விலகுகிறவள் சுந்தரி. வெகுநேரம் யோசித்தாள். பிறகு கழுத்தை நீட்டி மெல்ல எடுத்துக்கொண்டாள்.

சித்தப்பா அவள் கழுத்தில் நெற்றியை வைத்து அப்படியே நின்றார்.

"சுந்தரிக்குக் காய்ச்சலா சித்தப்பா?" என்று கேட்டேன்.

"ஆமாட்டி... கொஞ்சம்" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை.

சித்தி என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். சாரலில் நனைந்தால் குதிரைக்கும் காய்ச்சல் வரும் என்று அன்று நான் கற்றுக்கொண்டேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அதைச் சொன்னேன்.