பாலாநகரிலிருந்து லக்டிகாபூலுக்கு ஒரு பாட்டில் கெட்ட தண்ணீர்

இந்தப் பயண நோட்டு நம் ஐந்து பேருக்குள் மட்டும்தான் சுற்ற வேண்டும். கெஞ்சிக் கேட்கிறேன், உங்கள் அம்மாக்களிடம்கூடக் காட்டாதீர்கள். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பயணம் இன்று, புதன்கிழமை. பாலாநகரில் எங்கள் பட்டறையில் இரும்புச் சாமான்களுக்குக் குரோம் முலாம் பூசுகிறார்கள். கழுவிய மஞ்சள் தண்ணீர் நேராகச் சாக்கடைக்குப் போகிறது. அதைச் சுத்தம் செய்யத் தொட்டி கட்டாவிட்டால் பட்டறையை மூட வேண்டும் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. தொட்டிக்குப் பாதிச் செலவைச் சர்க்காரே தருமாம். அதற்கு அந்தக் கெட்ட தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். பட்டறையில் வேலை பார்க்கும் யாதகிரி அண்ணன் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தார். அப்பாவின் தெலுங்கு 'பாகுன்னாரா', அதாவது நலமா என்பதோடு முடிந்துவிடும். அதனால் எனக்குப் பள்ளிக்கு லீவு, மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம்.

காலை 9.10க்கு பஸ். அமீர்பேட்டை ஏழு கிலோமீட்டர், அரை டிக்கெட் நாற்பது பைசா. நம் ஊர் பஸ்ஸில் பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால் அல்லவா? "பின்னால நசுங்கிப் போயிரும், நீயே வெச்சுக்க கண்ணு" என்று பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டு அப்பா பின்படியில் ஏறினார். எப்படித்தான் நாறும் என்று மூடியைத் திறந்து மோந்து பார்த்தேன். திரும்பச் சரியாகத் திருகவில்லை. சனத்நகர் தாண்டி ஒரு பள்ளம். அவ்வளவும் தரையில்.

"எவரம்மா பப்பு ஒலகபோசிந்தி?" என்று கண்டக்டர் கத்தினார். யார் பருப்பைக் கொட்டியது என்று கேட்கிறார். நானும் மற்றவர்களோடு சேர்ந்து சுற்றிலும் பார்த்தேன்.

அமீர்பேட்டையில் அடுத்த பஸ்ஸை விசாரிக்க அப்பா போன நேரத்தில் குழாயில் கையைக் கழுவி, பாட்டிலையும் நிரப்பினேன். தண்ணீர் பளிச்சென்று இருந்தது. மஞ்சளுக்கு எங்கே போவது? பக்கத்தில் ஐஸ் வண்டி. "பரஃப் நக்கோ, ரங் மட்டும்" என்றேன். ஐஸ் வேண்டாம், கலர் மட்டும் போதும் என்கிறாளே என்று வண்டிக்காரர் திகைத்தார். "காலி ரங் கைக்கு பேட்டி?" என்றார், வெறும் கலர் எதற்கு மகளே என்று. பத்து பைசா கொடுத்து, மஞ்சள் பாகைப் பாட்டிலிலேயே ஊற்ற வைத்தேன். நிறம் அச்சு அசலாக அமைந்தது.

லக்டிகாபூல் அலுவலகத்துக்குப் போனபோது மணி 10.25. அதிகாரி ஒரு சோதனைக் காகிதத் துண்டைப் பாட்டிலில் முக்கினார். நிறம் மாறவே இல்லை. அதற்குள் மேசை எறும்புகள் மூடியின்மேல் ஏறிவிட்டன. எறும்பு குடிக்கிற தண்ணீருக்கு உதவித்தொகை கிடையாது, உங்கள் பட்டறையைப் பாராட்டுகிறேன் என்று தெலுங்கில் சொன்னார். மொழிபெயர்த்தேன்.

அப்பா எழுந்து நின்றுவிட்டார். "பாராட்டா? எங்க தண்ணி மாதிரி கெட்ட தண்ணி பாலாநகர்லயே கெடையாதுங்க! வெரல விட்டாப் புண்ணாயிருமுங்க! சொல்லு கண்ணு, நல்லா அழுத்திச் சொல்லு!"

அழுத்திச் சொன்னேன். நாளை மாலை ஐந்துக்குள் வேறு பாட்டில் கொண்டுவர அதிகாரி சம்மதித்தார்.

திரும்பும்போது பஸ் காலி, அப்பா பக்கத்து சீட்டுக்கு வந்தார். "யாதகிரி சர்பத் குடிச்ச பாட்டில்ல தண்ணியப் புடிச்சுக் குடுத்திருக்கான். பட்டறைய மூட வெக்கப் பாக்கறான். ராத்திரி சாவி குடுக்க வருவானல்ல, அப்பவே வேலைய விட்டு நிறுத்திடறேன்."

நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். யாதகிரி அண்ணனுக்குச் சர்பத் என்றாலே பல் கூசும். அவர் மகள் நம் பள்ளியில் மூன்றாவது படிக்கிறாள். சாப்பிடும்போது இரண்டு தடவை வாயைத் திறந்தேன், இரண்டு தடவையும் சோற்றைத்தான் போட்டுக்கொண்டேன்.

நீங்களும் இப்படிப் போக நேர்ந்தால்: 9.10 பஸ்ஸைவிட 8.40 காலியாக இருக்கும். மூடியை வீட்டிலேயே துணி சுற்றிக் கட்டிவிடுங்கள். மோந்து பார்க்காதீர்கள். கொட்டிவிட்டால் அந்த நிமிடமே பஸ்ஸின் பின்பக்கம் பார்த்துக் கத்திவிடுங்கள். அடி விழுந்தால் உங்களுக்கு மட்டும்தான் விழும்.

கதவு தட்டுகிறார்கள். யாதகிரி அண்ணன் குரல்தான். அப்பா செருப்பைத் தேடுகிறார். அவர் தாழ்ப்பாளைத் தொடும் முன் நான்