படுக்கப் போட்ட அலமாரி

மூன்றாம் மாடியில் பழைய துணிக்கிடங்கைக் காலிசெய்து, வெள்ளையடித்து, ‘பொது வழிபாட்டு அறை’ என்று பலகை மாட்டிவிட்டார்கள். சாவியை யாரிடம் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். ஒரு பக்திமானிடம் கொடுத்தால் மற்ற பக்திமான்கள் சும்மா இருக்க மாட்டார்கள். சாமி விஷயத்தில் எந்தப் பக்கமும் சாயாத ஆள் இந்த ஆஸ்பத்திரியில் உண்டா என்று பெரிய டாக்டர் கேட்டாராம். எல்லோரும் ஒரே ஆளைக் கைகாட்டினார்கள்.

அந்த மாடியின் அத்தனை சாவிகளையும் இருபத்தாறு வருஷமாக இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த உதவியாளர் அவள். டாக்டர் முதல் தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோருக்கும் சாவியக்கா.

அவள் எந்தப் பக்கமும் சாயாததற்குப் பெரிய தத்துவம் எதுவும் காரணமில்லை. அப்பாவுக்கு ஒரு மதம், அம்மாவுக்கு வேறு மதம், காதல் கல்யாணம். பிள்ளையை அம்மா கூட்டிப்போய்க் கும்பிட வைத்திருப்பாள் என்று அப்பா நினைத்துக்கொள்வார், அப்பா கூட்டிப்போயிருப்பார் என்று அம்மா நினைத்துக்கொள்வாள். பிள்ளை தெருமுனையில் பாண்டி ஆடிக்கொண்டிருக்கும். அப்படியே வளர்ந்து, ஒரு பஸ் மெக்கானிக்குக்கு வாழ்க்கைப்பட்டாள். அவர் பல்வலி வந்தால் மட்டும் ஆத்திகர். வலி நின்றதும் பழைய பாட்டுக்கே திரும்பிவிடுவார்.

அறை திறந்த முதல் வாரமே மூன்று பேர் உரிமை கொண்டாடி வந்தார்கள். மருந்துக்கூடத்துக்காரர் சாமி படத்தோடும் ஊதுவத்தியோடும் வந்தார். லிஃப்ட் ஓட்டுபவர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். ரத்தப் பரிசோதனைக்காரர் மெழுகுவத்தியும் தடித்த புத்தகமுமாக வந்தார். சாவியக்கா மூன்று பேருக்கும் நேரம் பிரித்து அட்டையில் எழுதி மாட்டினாள். சாமான்களை வைக்க, நாலு தட்டுள்ள மர அலமாரி ஒன்றைத் தேடிப்பிடித்துப் போட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. மேல்தட்டு யாருக்கு? எங்கள் புத்தகம் இன்னொருவர் பாய்க்குக் கீழே இருக்கலாமா என்றார் ஒருவர். எங்கள் படத்துக்கு மேலே மெழுகு உருகினால் என்ன ஆவது என்றார் இன்னொருவர். மூன்று நாள் பஞ்சாயத்து நடந்தது. நாலாம் நாள் சாவியக்கா வார்டு ஆட்கள் இருவரைக் கூப்பிட்டு, அலமாரியை அப்படியே பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கப் போட்டுவிட்டாள். நாலு தட்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டன. மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. வலது ஓரம் யாருக்கு என்று மருந்துக்கூடத்துக்காரர் வாயைத் திறந்தார். “சார், அடுத்து இதைக் கவுத்துப் போட்டுடுவேன்” என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு அடங்கியது.

நாலாவது தட்டு காலியாகக் கிடந்தது. அது எப்படித்தான் மூக்கில் வேர்த்ததோ, அடுத்த வாரமே பகுத்தறிவுச் சங்கத்தின் சார்பில் ஓய்வுபெற்ற பௌதிக வாத்தியார் வந்து நின்றார். அரசாங்க ஆஸ்பத்திரி எல்லோருக்கும் பொது; நம்பாதவர்களும் வரி கட்டுகிறார்கள்; ஆகவே அவர்களுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரமும் ஒரு தட்டும் வேண்டும் என்று மூன்று பக்கத்துக்கு மனு எழுதியிருந்தார். தட்டில் என்ன வைக்கப்போகிறீர்கள் என்று சாவியக்கா கேட்டாள். ஒன்றும் வைக்கப்போவதில்லை, அது காலியாக இருப்பதுதான் எங்கள் கொள்கை என்றார்.

புதன்கிழமைதோறும் மூன்று மணிக்கு ஐந்து பேர் வந்து உட்கார்ந்தார்கள். முதல் வாரம் கடவுள் இல்லை என்று பேசினார்கள். அதில் எல்லோருக்கும் ஒரே கருத்து என்பதால் பத்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துபோனது. மீதி ஐம்பது நிமிஷம் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாம் வாரம் இருவருக்குக் குறட்டை வந்துவிட்டது. இந்த ஒரு விஷயத்தில் மற்ற மூன்று கூட்டத்துக்கும் இவர்களுக்கும் வித்தியாசமே இல்லை என்று சாவியக்கா நர்ஸுகளிடம் சொல்லிச் சிரித்தாள்.

சும்மா கிடக்கும் தட்டுதானே என்று அதில் தன் சாப்பாட்டு டப்பாவையும் ஒரு பினாயில் பாட்டிலையும் வைத்தது அவள் செய்த தப்பு. வாத்தியார் அதைப் பார்த்துவிட்டார். எங்கள் வெறுமையை அவமதித்துவிட்டார் என்று பெரிய டாக்டருக்குப் புகார் போனது. கூப்பிட்டுக் கேட்டதற்கு, “இல்லாத சாமிக்குக்கூடக் கோபம் வரும்னு எனக்குத் தெரியாது சார்” என்றாள். பெரிய டாக்டர் சிரிப்பை அடக்கப் பேனாவைக் கீழே போட்டுக் குனிந்து தேடினார். அவள் டப்பாவை எடுத்துக்கொண்டாள். ஆனால் அன்றிலிருந்து வாத்தியாருக்கும் அவளுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை.

இரண்டு மாதம் கழித்து வாத்தியாரின் மனைவிக்கு இதயத்தில் அடைப்பு. காலையில் சேர்த்தார்கள், மதியம் ஆபரேஷன் என்றார்கள். ஸ்ட்ரெச்சரை மேலே ஏற்றியது அதே லிஃப்ட் ஓட்டுபவர்தான். ஆபரேஷன் அறைக் கதவு மூடியதும் வாத்தியார் தாழ்வாரத்தில் அங்கும் இங்கும் நடந்தார். உட்கார்ந்தால் பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் இப்போதே துக்கம் விசாரித்தார்கள். நின்றால் தள்ளுவண்டி வந்து இடித்தது. கடைசியில் சாவியக்காவிடம் வந்தார். அன்று வெள்ளிக்கிழமை.

“எனக்கு இன்னைக்கு நேரம் கிடையாதுன்னு தெரியும்மா.”

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டாள். கடவுள் இல்லை என்பவர் செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார். பழக்கதோஷம். நடு அறையில் நின்று, எங்கே பார்த்து உட்காருவது என்று தெரியாமல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“இங்க வந்து என்ன செய்வாங்க எல்லாரும்?” என்று கேட்டார்.

“பெருசா ஒண்ணும் இல்ல சார். உக்காருவாங்க. பாதிப் பேர் அழுவாங்க.” சாவியக்கா சாவிக்கொத்தை இடுப்பில் செருகினாள். “பதினோரு வருஷத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்காரர் கீழ ரெண்டாம் வார்டுலதான் போனாரு. அன்னைக்கு இந்த ஆஸ்பத்திரி முழுக்கச் சுத்தினேன், ஒரு அஞ்சு நிமிஷம் வாய்விட்டு அழ ஒரு இடம் கிடைக்கல. அப்ப இது துணிக்கிடங்கு. அழுக்குப் போர்வை மூட்டை மேல உக்காந்து அழுதேன். கக்கூஸ விட்டா உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிற ரூம் இந்த மாடியில இது ஒண்ணுதான் சார். போட்டுக்குங்க.”

அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். பிறகு தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. சாவியக்கா கதவை ஒட்டியே நின்றுகொண்டாள். இந்த விஷயத்தை அவள் பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லை.

சரியாக அந்த நேரம் பார்த்து லிஃப்ட் ஓட்டுபவர் தன் ஆட்கள் நால்வரோடு பாய்களைத் தூக்கிக்கொண்டு வந்தார். அட்டைப்படி அது அவர்கள் நேரம். சாவியக்கா கதவுக்குக் குறுக்கே நின்றாள். தரை துடைத்திருக்கிறேன், ஈரமாக இருக்கிறது என்று வாய்கூசாமல் பொய் சொன்னாள். அவர் வாசலில் கிடந்த தோல் செருப்பைப் பார்த்தார். உள்ளே யாரோ மூக்குறிஞ்சும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

“காயட்டும்க்கா. மெதுவா காயட்டும்” என்றார். ஐந்து பேரும் தாழ்வாரத்திலேயே, தீயணைப்பு வாளிகளுக்குப் பக்கத்தில் பாயை விரித்துக்கொண்டார்கள்.

அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். உடனே பங்கு பிரிக்கும் வேலை தொடங்கியது. மருந்துக்கூடத்துக்காரர் தான் வேண்டிக்கொண்டதாகச் சொன்னார். ரத்தப் பரிசோதனைக்காரர் இரண்டு மெழுகுவத்தி ஏற்றியதாகச் சொன்னார். லிஃப்ட் ஓட்டுபவரின் ஆட்கள் நேரத்தையே விட்டுக்கொடுத்தவர்கள் தாங்கள், ஆகவே தங்களுக்குத்தான் பெரும்பங்கு என்றார்கள். வாத்தியார் தெம்பு திரும்பிவிட்டதால், அத்தனை புகழும் அறிவியலுக்கே என்று அடித்துச் சொன்னார். மனைவியைக் கேட்டால், மயக்க ஊசி போட்ட பெண் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அதுதான் ஞாபகம் இருக்கிறது, அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லையே என்றார்.

வாத்தியார் மாறவில்லை. புதன்கிழமை வந்தார், கடவுள் இல்லை என்றார், சர்க்கரையைப் பற்றிப் பேசினார். ஆனால் பெரிய டாக்டருக்கு இன்னொரு மனு போட்டார். இந்தத் தடவை அரைப் பக்கம்தான். தினமும் அரை மணி நேரத்தை யார் பெயரும் எழுதாமல் விட வேண்டும் என்று கேட்டிருந்தார். சாவியக்கா அட்டையில் அந்தக் கட்டத்தை வெறுமனே விட்டாள். அது எந்த மதத்தின் சூழ்ச்சி என்று மூன்று கூட்டமும் ஒரு மாதம் துப்புத் துலக்கின. அதற்குள் பிரசவ வார்டு நர்ஸ் ஒருத்தி, அப்பாவைச் சேர்த்திருந்த லாரிக்காரர் ஒருவர், ஒரு நாள் மருந்துக்கூடத்துக்காரரே கூட, ஆளுக்கு ஐந்து பத்து நிமிஷம் உள்ளே போய்விட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள்.

வருஷக் கடைசியில் படிவம் வந்தது. எந்த மதத்தினர் எத்தனை பேர் அறையைப் பயன்படுத்தினார்கள் என்று எழுத வேண்டும். சாவியக்கா நாலு கூட்டத்தின் தலைகளையும் எண்ணி எழுதினாள். அந்த அரைமணிக்கு நேரே மட்டும் ‘பூட்டியிருந்தது’ என்று எழுதி நீட்டினாள்.

“பூட்டியே இருந்தா அதுக்கு எதுக்கும்மா அரை மணி நேரம்?” என்றார் பெரிய டாக்டர்.

“உள்ள போய்ப் பூட்டிக்கத்தான் சார்.”

அவர் படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டார். பிறகு, மேஜை மேலிருந்த காகிதங்களை அடுக்குகிற சாக்கில், அந்த அரைமணி எத்தனை மணிக்கு என்று கேட்டுவைத்துக்கொண்டார்.