அக்கா டாக்டரிடம் கேட்டது

சென்ற ஆண்டு ஐப்பசியில், அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை போகும் பஸ்ஸில் தொடங்கியது இது. எங்கள் பாத்திரக் கடைக்கு அடுத்தது பாய் வீடு. அந்த வீட்டு அக்காவுக்கு அறுபதை நெருங்கும் வயது. இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். மதுரை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, மூட்டு மாற்று ஆபரேஷன் செய்யலாம் என்றிருந்தார்கள். துபாயிலிருக்கும் மகன் போனிலேயே சரி சொல்லிவிட்டார். தேதி வாங்க அக்காவின் தம்பி வந்தார். பெண் துணைக்கு நான்.

காரியாபட்டி தாண்டியதும் அக்கா மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, ஆபரேஷன் பண்ணுனா சஜ்தா செய்ய ஏலுமா?"

தொழுகையில் முழங்கால் ஊன்றி நெற்றியைத் தரையில் வைப்பதுதான் சஜ்தா.

"முடியாதவுக நாற்காலியில உக்காந்து தொழுதுக்கிரலாம், தப்பில்ல. ஆனா நான் இப்ப வலியோட வலியா நெத்திய வச்சிக்கிட்டுதான இருக்கேன். காலை அறுத்த பெறகு அதுவும் போச்சுன்னா?"

எனக்குத் தெரியவில்லை. டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். "இதப் போயி அவுககிட்டயா?" என்று முக்காட்டை இழுத்துக்கொண்டார்.

டாக்டர் தம்பியைப் பார்த்தே பேசினார். தேதி குறிக்கும் நேரத்தில், "அக்காவுக்கு ஒண்ணு கேக்கணுமாம்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். அக்கா தயங்கினார்.

"டாக்டரே சொல்லிட்டாருல்ல, இன்னும் என்னக்கா?" என்றார் தம்பி.

"ஏலே, முட்டி ஒனக்கா வலிக்குது?"

டாக்டர் சிரித்துவிட்டு அக்கா பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அக்கா கேட்டார். வலி பெரும்பாலும் குறையும், நடை சுலபமாகும் என்றார் டாக்டர். ஆனால் முழங்கால் ஊன்றுவது பலருக்குச் சிரமம், உறுதி தர முடியாது. உடனே செய்தாக வேண்டும் என்றும் இல்லை. தொடைக்குப் பயிற்சி, எடை குறைப்பு, மாத்திரை என்று முயன்று பார்க்கலாம். இதையெல்லாம் அதுவரை யாரும் அக்காவிடம் சொல்லியிருக்கவில்லை.

"அப்ப மொதல்ல பயிற்சி. அதுக்கும் வலி கேக்கலைன்னா நானே வாரேன்" என்று எழுந்துகொண்டார்.

சில மாதம் வலி மட்டுப்பட்டிருந்தது. பிறகு வாசல்படி ஏறுவதே பாடானபோது, அவரே மகனைக் கூப்பிட்டு ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார். இப்போது கடைத்தெரு வரை நடக்கிறார். தொழுகை நாற்காலியில்தான். வருத்தமா என்று ஒருநாள் கேட்டேன். "இருக்கத்தான் செய்யுது. ஆனா தெரிஞ்சுதான செஞ்சேன்" என்றார்.

அதன் பிறகு யாருக்குத் துணையாக ஆஸ்பத்திரி போனாலும், வலிக்கிறவர் வாய் திறக்கும்வரை நான் காத்திருக்கிறேன்.