அறுபது எடுத்தால் நாற்காலி

எங்கள் ஆபீசில் ஆயுதபூஜையன்று கம்ப்யூட்டர், பிரிண்டர், இன்வர்ட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். சுவரில் சாமி படங்களுக்கு அடுத்தபடியாக என்னுடைய சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். முதலாளி அதற்கும் ஒரு பொட்டு வைப்பார். வைத்த பொட்டை யாரும் துடைப்பதில்லை. அடுத்த வருடம் அதன் மேலேயே இன்னொன்று வைப்பார். இரண்டு பூஜையில் அது காய்ந்து ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கெட்டியாகிவிட்டது. அதற்கு அடியில்தான் அந்தச் சான்றிதழ் எந்தத் தேதி வரைக்கும் செல்லும் என்று அச்சடித்திருந்தது.

இப்படித்தான் நாற்பத்தாறாம் வயதில் நான் மறுபடியும் பரீட்சை எழுத வேண்டி வந்தது.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் இருக்கும் பங்குத் தரகு அலுவலகத்தில் நான் டீலர். வாடிக்கையாளர்கள் போனில் சொல்லும் பங்குகளைக் கம்ப்யூட்டரில் வாங்குவதும் விற்பதும் என் வேலை. பதினேழு வருடமாக அதே ஜன்னலோரம், அதே நாற்காலி. அதில் உட்கார ஒரு தேர்வு பாஸ் செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழுக்கு ஆயுள் மூன்று வருடம். முடிவதற்குள் ஒருநாள் வகுப்பில் போய் உட்கார்ந்து, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுவிட்டு வந்தால் இன்னொரு மூன்று வருடம் நீட்டித்துத் தருவார்கள். நான் அப்படித்தான் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்த முறை இன்னும் ஒரு வருடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நினைவூட்டல் மின்னஞ்சல்கள் ஒழுங்காக வந்துகொண்டுதான் இருந்தனவாம், வேலையை விட்டுப் போன யாரோ ஒருவருடைய முகவரிக்கு.

தலைமை அலுவலகத்திலிருந்து போன் வந்தபோது மாதம் முடிய இருபத்தாறு நாள் இருந்தது. மாதத்தோடு என் சான்றிதழும் முடிகிறது என்றார்கள். ஒருநாள் வகுப்புகளில் இடமில்லை. தேர்வை மட்டும் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். முதலாளி சட்டத்தைக் கழற்றி, நகத்தால் பொட்டைச் சுரண்டி, தேதியைப் படித்தார். சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியதுதான் தப்பு என்று சொல்லிவிட்டு, பழைய ஆணியிலேயே மாட்டினார். பிறகு, குரோம்பேட்டையில் தன் நண்பர் ஆபீசில் சான்றிதழ் வைத்திருக்கும் ஒரு பெண் அதிக வேலையில்லாமல் இருப்பதாகப் பொதுவாகச் சொன்னார். நான் பாஸ் ஆகாவிட்டால் அந்தப் பெண் என் நாற்காலிக்கு வருவாள். நான் உள்அறையில் கணக்கு தொடங்கும் படிவங்களைச் சரிபார்க்கலாம். சம்பளத்தைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். அந்த மாதிரி வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

சம்பளம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு அந்த நாற்காலி பிடிக்கும். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை.

நூறு கேள்வி, இரண்டு மணி நேரம், அறுபது எடுத்தால் தேர்ச்சி. தப்பான ஒவ்வொரு பதிலுக்கும் கால் மதிப்பெண் கழிப்பார்கள். சேலையூரில் ஜெராக்ஸ் கடையில் கேள்வித்தொகுப்பு ஒன்றை ஸ்பைரல் போட்டு வாங்கினேன். படிக்க நேரம் என்று தனியாக எதுவும் கிடையாது. காலையில் மகளை ஸ்கூட்டரில் தாம்பரம் ஸ்டேஷனில் விடுவேன். அவள் அங்கிருந்து ரயிலில் குரோம்பேட்டைக்கு, பொறியியல் கல்லூரிக்குப் போகிறவள். பின்சீட்டில் உட்கார்ந்து அவள் கேள்வி வாசிப்பாள், நான் பதில் சொல்வேன். ஹெல்மெட்டுக்குள் காது கேட்காது என்பதால் கத்தித்தான் வாசிப்பாள். கேம்ப் ரோடு சந்திப்பில் சிக்னலுக்கு நிற்கும்போது ஆப்ஷன் வாங்கியவருக்கு அதிகபட்ச நஷ்டம் எவ்வளவு என்று ஊருக்கே கேட்கும்படி ஒருநாள் கேட்டாள். எனக்கு நாக்கு நுனியில் நின்றது. பக்கத்தில் சாப்பாட்டு டெலிவரி பையோடு நின்றிருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"பிரீமியம் மட்டுந்தான் பூடும்க்கா. எனக்கு ரெண்டு தபா பூட்ச்சு."

சரியான விடைதான். ஒரு பங்கைப் பின்னால் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமைதான் ஆப்ஷன், அதற்குக் கட்டிய பிரீமியத்துக்கு மேல் நஷ்டம் வராது. சிக்னல் விழுந்ததும் அவர் போய்விட்டார். அதற்குள் மகள் அடுத்த கேள்விக்கு வந்துவிட்டாள்.

படிக்கப் படிக்க ஒன்று புரிந்தது. தொழிலில் எனக்குத் தெரியாதது என்று பெரிதாக எதுவும் இல்லை, பெயர்தான் தெரியவில்லை. ஆப்ஷனை வாங்கிச் சும்மா வைத்திருந்தாலே அதன் மதிப்பு நாளுக்கு நாள் குறையும். புத்தகத்தில் அதற்கு ஒரு கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆபீசில் அதைத் 'தேயுது' என்போம். பதினேழு வருடமாகத் தேய்ந்துகொண்டிருந்ததற்கு இப்போதுதான் பெயர் கிடைத்தது.

முதல் முறை ஐம்பத்தைந்து வாங்கினேன். கம்ப்யூட்டர் மையத்தில் 'முடி' என்ற பொத்தானை அழுத்தியதுமே திரையில் மதிப்பெண் வந்துவிடுகிறது. மனதைத் தயார் செய்துகொள்ள ஒரு நிமிடம்கூடத் தருவதில்லை. என்னைச் சுற்றி என் மகள் வயதுப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் கைப்பையை வாங்கிக்கொண்டு, வாசலில் காவலுக்கு நின்றவரிடம் காரணமே இல்லாமல் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வண்டியில் சாவியைப் போட இரண்டு நிமிடம் ஆனது.

மகள் வீட்டில் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டாள். நூறு கேள்விக்கும் பதில் எழுதியிருந்தால் அறுபத்து நான்கு சரி, முப்பத்தாறு தப்பு. தப்புக்கு ஒன்பது போய் ஐம்பத்தைந்து.

"தெரியாததை விட்டுட்டு வந்திருக்கலாமேம்மா."

எனக்கு அது தோன்றவே இல்லை. ஆபீசில் எந்தப் படிவத்திலும் ஒரு கட்டத்தைக்கூட நான் காலியாக விட்டதில்லை. காலியாக விட்டால் தலைமை அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் நூறு கட்டத்தையும் பொறுப்பாக நிரப்பிவிட்டு வந்திருந்தேன்.

ஆனால் காலியாக விடாதது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி அடுத்த வாரம் தெரிந்தது. நடத்தை விதிகள் என்ற அத்தியாயத்தில் மகள் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தாள். வாடிக்கையாளரின் சம்மதத்தை டீலர் எப்போது பதிவு செய்ய வேண்டும்? ஆர்டர் போடுவதற்கு முன்பா, சந்தை முடிந்த பிறகா? நான் யோசிக்காமல் சந்தை முடிந்த பிறகு என்றேன். அவள் தப்பு என்றாள். எதை வாங்குவதென்று வாடிக்கையாளர் உங்களையே முடிவு செய்து வாங்கச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று அடுத்த கேள்வி. பார்த்து வாங்குவேன் என்றேன். அவள் விடையை இன்னொரு முறை பார்த்தாள்.

"அம்மா, இதெல்லாம் தப்புன்னு போட்டிருக்கு. உன் ஆபீஸ்ல இப்படியா பண்றீங்க?"

இப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். மாடம்பாக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறார், அரசு வேலையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தை திறப்பதற்கு ஐந்து நிமிடம் முன்னால், ஒன்பது பத்துக்கு, தினமும் போன் செய்வார். எதை வாங்க வேண்டும், எத்தனை, என்ன விலை என்று பதினோரு வருடத்தில் ஒருநாளும் சொன்னதில்லை. எல்லாம் என் இஷ்டம். மாலை மூன்றரைக்குச் சந்தை முடிந்ததும், பேச்சு பதிவாகும் போனில் நான் கூப்பிட்டு, இன்றைக்கு இன்னது இத்தனை வாங்கினோம், சரியா சார் என்பேன். அவர் சரிம்மா என்பார். சம்மதம் பதிவாகிவிடும். அவரைப் போல இன்னும் ஏழெட்டுப் பேர். எல்லாருக்கும் நல்லபடியாகவே செய்தேன் என்றுதான் சொல்வேன். ஞாயிற்றுக்கிழமை சந்தை கிடையாது. அன்றும் காய் நறுக்கும்போது அவர்கள் பங்குகள்தான் மனதில் ஓடும். வயிற்றெரிச்சலுக்கு டாக்டரிடம் போனதற்குக் காரத்தைக் குறைக்கச் சொன்னார். குறைத்தேன். எரிச்சல் குறையவில்லை.

என்னை நம்பி இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு உள்ளூரப் பெருமை இருந்தது. உறவுக் கல்யாணங்களில் அதைச் சொல்லியும் இருக்கிறேன். புத்தகத்தில் அது தவறுகள் என்ற தலைப்பின் கீழ் மூன்றாவது பத்தியில் இருந்தது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இந்தப் புத்தகத்தை எழுதியவர் ஒரு நாளாவது தாம்பரத்தில் டீலராக உட்கார்ந்திருக்கிறாரா என்று மகளிடம் கத்தினேன். அவள் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அவமானம் அதற்கப்புறம் வந்தது. அது சீக்கிரம் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். எந்தக் கேள்வி வந்தாலும் எங்கள் ஆபீசில் என்ன செய்வோம் என்று முதலில் யோசிப்பேன். அந்த விடையை அடித்துவிட்டு மீதி மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பேன். நடத்தை விதிகள் அத்தியாயம் முழுக்க இந்த முறையில் சரியாக வந்தது. மகளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. முதலாளியிடம் இதைச் சொல்லவில்லை.

இரண்டாவது தேர்வு மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது. அதற்கு முந்தின நாள் குரோம்பேட்டைப் பெண் ஆபீசுக்கு வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். நல்ல பெண். நாற்காலியின் உயரத்தை எப்படிக் குறைப்பது என்று என்னிடமே கேட்டாள். நானே குறைத்துக் காட்டினேன்.

மறுநாள் தேர்வில் பதினாறு கேள்விகளைக் காலியாக விட்டேன். ஒவ்வொன்றையும் விட்டுவிட்டு நகரும்போது வீட்டைப் பூட்டாமல் வந்த மாதிரி இருந்தது. எண்பதாவது கேள்விக்கு மேல் சம்மதக் கேள்வி வந்தது. முன்பு என்று அழுத்தினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மதிப்பெண்ணுக்காக அழுத்தினேனா, இனிமேல் அப்படித்தான் என்று அழுத்தினேனா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. முடிவில் திரையில் அறுபத்தொன்றரை வந்தது. இந்த முறை காவலுக்கு நின்றவரிடம் நன்றி சொல்ல மறந்துவிட்டேன்.

முதலாளி ஸ்வீட் பாக்ஸ் வாங்கி வைத்திருந்தார். குரோம்பேட்டைக்கும் ஒரு பாக்ஸ் கொடுத்தனுப்பினார். நான் நாற்காலியைப் பழைய உயரத்துக்கு ஏற்றிக்கொண்டேன். இனி முன்கூட்டியே சொல்கிறவர்களுக்குத்தான் ஆர்டர் போடுவேன் என்று அவரிடம் சொன்னேன். அவர் தேர்வுக்குப் படிப்பது வேறு, தொழில் வேறு என்று விளக்கினார். இருக்கலாம் சார், ஆனால் சான்றிதழில் இருப்பது என் பெயர் என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது. ஸ்வீட்டை மட்டும் திரும்ப வாங்கவில்லை.

மறுநாள் ஒன்பது பத்துக்கு மாடம்பாக்கம் பெரியவர் கூப்பிட்டார். பதிவாகும் போனில் எடுத்தேன். எதை, எத்தனை, என்ன விலைக்கு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் சார் என்றேன். ஏன் என்றார். விதி என்றேன். இத்தனை நாள் அது எங்கே போனது என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, அதனால் காலியாக விட்டேன்.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார். ஊரின் பாதி மனைகளைச் சங்கிலி பிடித்து அளந்து, ஒரு அடி இந்தப் பக்கம், ஒரு அடி அந்தப் பக்கம் என்று எல்லைக்கல் நட்ட மனிதர். ஒரு பம்பு கம்பெனியின் பெயரைச் சொல்லி, ஐம்பது பங்கு என்றார். வேண்டாம், இருபது என்றார். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டார். நான் எதுவும் சொல்லக் கூடாது என்றேன். கடைசியில் பத்துக்கு வந்து நின்றார். நான் பெயர், எண்ணிக்கை, விலை மூன்றையும் திருப்பி வாசித்து, சரியா சார் என்றேன்.

"தெரியலயேம்மா," என்றார்.

சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்ல வேண்டும் என்றேன். சரி என்றார். போட்டேன். அன்று அந்தப் பங்கு நாலு ரூபாய் இறங்கி முடிந்தது. பத்துப் பங்குக்கு நாற்பது ரூபாய். கீழே பேக்கரியில் இரண்டு பேர் பப்ஸ் சாப்பிட்டு டீ குடிக்கிற காசு.

அடுத்த நாள் ஒன்பது பத்துக்கு போன் வரவில்லை. என்னைவிட முதலாளிதான் அதிகம் கடிகாரத்தைப் பார்த்தார். சந்தை திறந்தது. ஒன்பது இருபதுக்கு வந்தது. பங்கு இறங்கிவிட்டதா என்று பெரியவர் கேட்டார். ஆமாம், பங்குக்கு நாலு ரூபாய் என்றேன். பதினோரு வருடத்தில், நான் வாங்கிய எதுவும் ஏறியதா இறங்கியதா என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"நேத்து மத்தியானம் சோறு எறங்கலம்மா. டிவிய அணைச்சு அணைச்சுப் போட்டேன். நாப்பது ரூபாதான், எனக்கே தெரியுது. ஆனா நான் சொல்லி நான் வாங்கினதாச்சே." பிறகு கேட்டார். "நீ எனக்காக வாங்கினப்பல்லாம் உனக்கும் இப்படித்தான் இருந்துதா?"

முதலாளி அடுத்த மேஜையில் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு பதிவாகிக்கொண்டிருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொள்ளவில்லை.

"ஆமா சார்," என்றேன். "தினமும்."

அவர் போனை வைக்கவில்லை.