யெஸ் சொன்னால்தான் திருத்தும்

போர்ட் கிளாங்கில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் நான் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து ஓடும் கம்ப்யூட்டர்கள். ஒரு பிழை வந்தால் போதும், மேனேஜர் பக்கத்தில் வந்து நின்று, "ஆர் யூ ஸ்டுப்பிட்? யெஸ் ஆர் நோ?" என்பார். "யெஸ்" என்று சொல்லும்வரை நகர மாட்டார். சொல்லியிருக்கிறேன், எல்லார் முன்னாலும்.

கம்ப்யூட்டர்களைப் பார்க்க பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒருவர் வருவார். ஒல்லியான மனிதர். டையின் நுனியைச் சட்டைப்பையில் செருகியிருப்பார். கீபோர்டைத் தொடுமுன் கைக்குட்டையால் துடைப்பார். ஒருநாள் நான் "யெஸ்" சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. அன்று மேனேஜர் சாப்பிடப் போனதும், இவர் போய் மேனேஜருடைய கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார்.

"என்ன அண்ணே செய்றீங்க?"

"கமாண்டைத் தப்பா அடிச்சா, 'இதுவா வேணும்?'னு கம்ப்யூட்டர் கேக்கும். யெஸ் அடிச்சா திருத்திக்கும். அந்தக் கேள்விய மட்டும் மாத்துறேன் லா. இனிமே உங்க பாஸ் கேக்குறதையே அதுவும் கேக்கும்."

"நோ அடிச்சா?"

"திருத்தாது. வேலை நடக்காது." சிரிக்காமல் கைக்குட்டையை மடித்தார்.

மறுநாள் மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் அவர் முகம் சிவந்தது. திரையில் வந்த அந்தக் கேள்வியை எடுக்க ஆளைக் கூப்பிட்டால், முதலில் அவனிடம் காட்ட வேண்டுமே! சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரு விரலால் அழுத்தினார்.

அந்த மனிதர் பிறகு வரவில்லை. என் பெயரைக்கூட அவர் கேட்டதில்லை. எனக்காகச் செய்தாரா, அவரையும் எவனாவது அப்படிக் கேட்டிருந்தானா, தெரியாது. மேனேஜரின் விரல் தயங்கும்போதெல்லாம் நான் டைப் அடிப்பதை நிறுத்திவிடுவேன். அவர் "யெஸ்" அழுத்தும்வரை கண்ணை எடுக்க மாட்டேன்.