அக்கரையில சந்திப்பம்

தலைமன்னாரில் கடற்கரைப் பக்கம் தங்க இடம் கேட்டால், "இந்தியாக்காரியிட வீட்டுக்குப் போங்கோ" என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டால் ஜெயந்தினிக்கு மூக்கு நுனி சிவந்துவிடும். அவள் பிறந்தது இந்த ஊரில். ஞானஸ்நானம் பெற்றது இந்த ஊர்க் கோயிலில். இந்தியாக் கப்பல் ஓடிய காலத்தில் அவளுடைய அப்பா பியர் என்கிற இறங்குதுறையில் பெட்டி தூக்கியவர். இடையில் இருபத்தைந்து வருடம் இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் கிடந்தாள், அவ்வளவுதான். அதற்காக ஊர் ஒரு புதுப் பெயர் வைத்துவிடுமா? வைத்துவிட்டது.

ஊரையும் முழுதாகக் குறை சொல்ல முடியாது. வாசலில் ஒரு வான் வந்து நின்றால் போதும், ஜெயந்தினி ஓடிவந்து, "வாங்க, வாங்க, உள்ள வந்து உக்காருங்க, டீ போடட்டுமா?" என்பாள். ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் வேலை செய்து பழகிய வாய் அது. அவளைப் பொறுத்தவரை அது தொழில் பாஷை. கோபம் வந்தால்தான் மன்னார்த் தமிழ் வெளியே வரும். கோபம் அவளுக்கு அடிக்கடி வருவதால், கணவன் றெனால்ட் வீட்டில் பெரும்பாலும் மன்னார்த் தமிழைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

மூன்று அறை, ஒரு விறாந்தை, முற்றத்தில் இரண்டு பனை, கடலுக்கு இறங்க ஒரு மணல் பாதை. அதுதான் அவர்களுடைய பிழைப்பு. சனி, ஞாயிறில் வவுனியாவிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். றெனால்ட் அவர்களை ஓட்டோவில் ஏற்றிப் பியர், வெளிச்சவீடு, உருமலைக் கடற்கரை, நடுக்குடா என்று சுற்றிக் காட்டுவான். வந்தவர்கள் கழுதைகளோடு நின்று படம் எடுப்பார்கள். காற்றாலைகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிடுவார்கள். போகும்போது, "என்ன ஒரு அமைதியான ஊர்!" என்று சொல்லாமல் ஒருவரும் போனதில்லை. ஊரில் இருந்த சனத்தில் பாதியைக் கிளப்பிவிட்டால் எந்த ஊரும் அமைதியாகத்தான் இருக்கும் என்று ஜெயந்தினி மனதுக்குள் சொல்லிக்கொள்வாள். வாடிக்கையாளரிடம் சொல்லமாட்டாள்.

அவளுடைய கோபங்களிலேயே மூத்த கோபம் ஒன்று உண்டு. அதன் பெயர் நூர்ஜஹான்.

நூர்ஜஹானின் வாப்பா மீராசாஹிபு, அதே மன்னார்த் தீவின் மறுபக்கத்து எருக்கலம்பிட்டிக்காரர். தலைமன்னாரில் புடவைக்கடை வைத்திருந்தார். குடும்பமும் கடைக்குப் பின்னால்தான் குடியிருந்தது. பள்ளிக்கூடத்தில் நூர்ஜஹானும் ஜெயந்தினியும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவளும் பள்ளிக்கூடம் போகமாட்டாள். தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி தொடங்கியது, பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். மீராசாஹிபு கடையையும் பூட்டிவிட்டு, வீட்டுச் சாமான்களை லொறியில் ஏற்றினார். ஜெயந்தினி செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் லொறியைப் பிடித்தாள்.

"நாங்கள் அக்கரைக்குப் போகப்போறம். நீங்களும் வருவீங்களோ?"

"ஓம், நாங்களும் அக்கரைக்குத்தான் போறம். வாப்பா சொன்னவர்," என்றாள் நூர்ஜஹான் லொறிக்கு மேலிருந்து. "அக்கரையில சந்திப்பம்!"

அந்தக் கிழமையே ஜெயந்தினி வீட்டு ஆட்கள் படகேறினார்கள். மண்டபம் முகாமில் ஒரு அறை கிடைத்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை என்ன செய்தாள் தெரியுமா? படகில் புது ஆட்கள் வந்தார்கள் என்று கேள்விப்பட்டால் முகாம் வாசலுக்கு ஓடினாள். படுக்கும்போது பாயின் ஓரத்தில் சுருண்டுகொண்டு மற்றப் பாதியை விட்டுவைத்தாள். "ஆருக்கடி இடம் பிடிக்கிறாய், நாங்கள் நிலத்தில கிடக்கிறம்," என்று அம்மா ஏசினா. நூர்ஜஹானுக்கு என்று அவள் சொல்லவில்லை. சொன்னால் அம்மா பாவம் பார்ப்பா என்று அவளுக்குத் தெரியும். பாவம் பார்ப்பது அவளுக்கு அப்போதே பிடிக்காது.

நூர்ஜஹான் வரவில்லை. அந்த வருடக் கடைசியில், முஸ்லிம் சனத்தைப் போராளி இயக்கம் ஊரைவிட்டே வெளியேற்றிவிட்டது என்ற செய்தி முகாமுக்கு வந்தது. அது எவ்வளவு பெரிய அநியாயம் என்று வளர்ந்த பிறகு ஜெயந்தினிக்கு விளங்கியது. ஆனாலும் அது ஒக்டோபரில் நடந்தது. அதற்கு முன் இரண்டு மூன்று மாதம் இருந்ததே? வருகிறேன் என்றவள் ஏன் வரவில்லை? சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், அவ்வளவுதான் நான் அவளுக்கு. ஜெயந்தினிக்குக் கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, முகாமை விட்டு ஊர் திரும்பி, தலையில் நரையும் விழுந்துவிட்டது. அந்தக் கோபத்துக்கு மட்டும் இன்னும் பன்னிரண்டு வயதுதான்.

போன மாசியில் ஒரு சனிக்கிழமை, புத்தளத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. றிபாத் என்ற பையன், அவன் மனைவி ஷப்னா, அவனுடைய உம்மா. மூன்று பேரும் விறாந்தைக் கதிரைகளில் இருந்தார்கள். ஜெயந்தினி தேத்தண்ணியும் ஒரு தட்டில் பனங்கட்டித் துண்டும் கொண்டுவந்து வைத்தாள். ஊரில் எல்லோரும் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணியைக் குடிப்பார்கள். உம்மாக்காரி துண்டை எடுத்துத் தேத்தண்ணிக்குள் ஒரு முக்கு முக்கி, சூப்பினாள். மறுபடி முக்கினாள்.

உலகத்தில் அப்படிப் பனங்கட்டி தின்கிற ஆள் ஒருத்திதான். பள்ளிக்கூடமே அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறது. ஜெயந்தினி கையில் இருந்த தட்டைக் கதவு நிலையோடு சாத்திப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மாட வாப்பாவுக்கு இந்த ஊரிலதான் முந்திக் கடை இருந்ததாம்," என்றான் றிபாத். "எருக்கலம்பிட்டிக்கு எத்தனையோ தரம் வந்தாச்சு. இஞ்சால மட்டும் வரமாட்டன் எண்டு நிண்டவ. நான்தான் கடற்கரை பாப்பம் எண்டு சொல்லிக் கூட்டிவந்தனான்."

ஜெயந்தினி சமாளித்துக்கொண்டு, "நல்லா சுத்திப் பாருங்கம்மா, ரூம்ல ஃபேன் போட்டிருக்கேன்," என்றாள்.

நூர்ஜஹான் நிமிர்ந்து அவள் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"நீங்க இந்தியாவா, தங்கச்சி?"

முப்பத்தைந்து வருடக் கோபத்தின் மேல் இந்த ஒரு கேள்வி மண்ணெண்ணெய் ஊற்றியது. வரவில்லை, சரி. ஆளையும் மறந்துவிட்டாளா? ஊர் சொல்லும் அதே பெயரை இவளும் சொல்லுகிறாளா?

"ஆமாம்மா," என்றாள் ஜெயந்தினி. "ராமேஸ்வரம்."

முற்றத்தில் ஓட்டோ துடைத்துக்கொண்டிருந்த றெனால்டின் கை நின்றது. குசினிக்குள் வந்து மெதுவாகக் கேட்டான். "ராமேஸ்வரமோ? எப்ப தொடக்கம்?"

"நீங்கள் சும்மா இருங்கோ. அது நூர்ஜஹான்."

றெனால்டுக்கு அந்தப் பெயர் கலியாணமான நாளிலிருந்து பாடம். "போய்ச் சொல்லன் அப்ப."

"அவள்தான் கண்டுபிடிக்கவேணும். வராதவள் அவள்."

"நாளைக்குப் பின்னேரம் அந்தாள் போயிடும் ஜெயந்தினி. பிறகு நீ ஆரோட சண்டை பிடிக்கப்போறாய்?"

மீன் குழம்பில் உப்பு இரண்டு தரம் விழுந்தது.

மறுநாள் காலை, வழக்கமில்லாத வழக்கமாக ஜெயந்தினியும் ஓட்டோவில் ஏறிக்கொண்டாள். றிபாத்தும் ஷப்னாவும் தாங்கள் வந்த வானில் பின்னால் வந்தார்கள். அதன் பிறகு நடந்தது ஒரு பெரிய கூத்து. நூர்ஜஹான், இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய இந்தப் பெண்ணுக்கு ஊரைக் காட்டத் தொடங்கினாள்.

"இதிலதான் தங்கச்சி எங்கட கடை. நீலக் கதவு."

பச்சைக் கதவு, என்று ஜெயந்தினியின் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்.

"இந்தப் பெருக்கமரத்துக்குக் கீழ நிண்டு கத்தினா பள்ளிக்கூடம் மட்டும் கேக்கும்."

கத்தியது யார்? நான்தானே. அதையும் விழுங்கினாள்.

உருமலையில் நூர்ஜஹான் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நடந்தாள். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தபடி நின்று, கண்ணைத் துடைத்தாள். "காத்து," என்றாள். காற்று இருந்ததுதான். ஜெயந்தினிக்கும் கண் கலங்கியது. இவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இவளுக்காகவே ஏங்குவது எவ்வளவு மடத்தனம் என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. இருந்தும் வாய் திறக்கவில்லை. பிடிவாதம் என்றால் அது பிடிவாதம்.

கடைசியாகப் பியர். கப்பல் வந்து நின்ற பழைய பாலம் கடலுக்குள் துருப்பிடித்து நீண்டு கிடந்தது. றெனால்ட் ஓட்டோவை நிழலில் விட்டான். றிபாத்தும் ஷப்னாவும் படம் எடுக்கப் போக, நூர்ஜஹானும் ஜெயந்தினியும் கரையில் ஒரு கல்லில் இருந்தார்கள்.

"எனக்கொரு கூட்டாளி இருந்தா இஞ்ச," என்றாள் நூர்ஜஹான். "ஜெயந்தினி எண்டு. அவட அப்பா இந்தப் பியரிலதான் வேலை செய்தவர்."

ஜெயந்தினி கடலைப் பார்த்தபடியே, "அப்புறம்?" என்றாள்.

"அப்புறம் என்ன, ஏமாத்திப்போட்டா. அதாலதான் இந்த ஊர்ப் பக்கம் வரவே எனக்கு மனமில்லாமல் கிடந்தது."

ஏமாற்றினாளா? யார், யாரை? ஜெயந்தினிக்குக் காது சுட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "எப்படிம்மா ஏமாத்துனாங்க?" என்று கேட்டாள்.

"அக்கரைக்கு வாறம் எண்டு சொன்னவ. நாங்களும் அக்கரைக்குப் போய் எவ்வளவு நாள் பாத்துக்கொண்டிருந்தம் தெரியுமா? வாப்பா முருங்கன் சந்தைக்குப் போகக்குள்ள எல்லாம் நானும் தொத்திக்கொண்டு போவன். மீன் விக்கிற ஆக்களையெல்லாம் பிடிச்சுக் கேப்பன், தலைமன்னார் ஆக்கள் ஆரும் வந்தவங்களா எண்டு. ஒருத்தரும் வரேல்ல. பிறகு எங்களை நடத்தி அனுப்பக்குள்ளயும், றோட்டில எனக்கு அதே யோசினைதான். அவ வந்தா என்னைக் காணாமத் தேடுவாளே எண்டு."

"முருங்கனோ?" என்றாள் ஜெயந்தினி.

"ஓம், முருங்கன். உம்மாட ஊர் முசலி தானே, அங்கதான் போயிருந்தம்."

ஜெயந்தினி எழுந்து நின்றுவிட்டாள். ராமேஸ்வரம் லாட்ஜ் போன இடம் தெரியவில்லை.

"எந்த அக்கரையடி?" என்று கத்தினாள். "எந்த அக்கரையடி போனனீ? அக்கரை எண்டா இந்தியாவெல்லோ! நான் அங்க பாயில பாதியை விட்டுப்போட்டுக் கிடந்தனான், நீ முருங்கன் சந்தையில மீன்காரரோட கதைச்சுக்கொண்டு நிண்டனியோ?"

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நூர்ஜஹான் வாயைத் திறந்தபடி இருந்தாள். இந்தக் கத்தலைப் பெருக்கமரத்துக்குக் கீழே கேட்டவளாயிற்றே அவள்.

"ஜெயா?"

தலைமன்னாரில் வளர்ந்தவளுக்கு அக்கரை ஒன்றே ஒன்றுதான். கடலுக்குள் கிடக்கும் மணல் தீடைகளுக்கு அப்பால், தனுஷ்கோடிப் பக்கம். எருக்கலம்பிட்டி வீட்டில் பேசிப் பழகியவளுக்கும் அக்கரை ஒன்றே ஒன்றுதான். மன்னார்ப் பாலத்தைத் தாண்டினால் வரும் பெருநிலம், முருங்கனும் முசலியும் இருக்கும் பக்கம். தீவு என்றால் எல்லாப் பக்கமும் கரை இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருந்தும், லொறி புறப்படுகிற அவசரத்தில் இரண்டு பேருக்கும் அது நினைவு வரவில்லை. இரண்டு பேரும் சொன்ன சொல் தவறவில்லை. ஆளுக்கொரு அக்கரைக்குப் போய், ஆளுக்கு ஆள் காத்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் சிரித்தது நூர்ஜஹான். சிரித்துக்கொண்டே ஜெயந்தினியின் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள். "ராமேஸ்வரமாம் ராமேஸ்வரம்! என்னட்டயே பொய்!" இரண்டாவது அடிக்குத் தூக்கிய கையால் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெயந்தினியும் அழுதாள், அழுகைக்கு நடுவில், "கதவு பச்சை. நீலமில்லை," என்றாள். றெனால்ட் ஓட்டோ ரயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான். ரயருக்கு ஒன்றும் இல்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நூர்ஜஹானுக்குக் கால் உளைந்தது. "ரூமில கட்டில் இருக்கு உம்மா," என்றான் றிபாத். "நீ போய்ப் படு," என்றாள் அவள். ஜெயந்தினி விறாந்தையில் பாயை விரித்தாள். விரித்துவிட்டு, யோசிக்காமலே ஓரத்தில் சுருண்டாள். நூர்ஜஹான் கொஞ்ச நேரம் அந்த வெறும் பாதியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வந்து படுத்தாள். வாப்பா மவுத்தானதை அவள் சொன்னாள். அம்மா முகாமிலேயே கண்மூடியதை இவள் சொன்னாள். வெயில் படியை விட்டு இறங்கும்வரை அப்படியே கிடந்தார்கள்.

பின்னேரம் வான் புறப்பட்டது. ஓலைக் குட்டான் நிறையப் பனங்கட்டியும் கருவாட்டுப் பார்சலும் பின்சீற்றில் ஏறின. றிபாத் ஸ்ரார்ட் பண்ணினான். நூர்ஜஹான் யன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஜெயந்தினியின் கையைப் பிடித்தாள்.

"வாறன் ஜெயா. பெருநாள் முடியச் சந்திப்பம்."

வான் ஒரு முழம் நகர்ந்தது. ஜெயந்தினி கையை விடவில்லை. செருப்புக்கூட இல்லாமல் வானோடு சேர்ந்து நடந்தாள், பிறகு ஓடினாள்.

"நிப்பாட்டடா றிபாத்!" என்று கத்தினாள். "எங்க எண்டு சொல்லிப்போட்டுப் போகச் சொல்லு உன்ர உம்மாவை!"